ஒரே நிலத்தில் எத்தனை மூலிகை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூலிகைச் சாகுபடி பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் கடிதமும் வாட்ஸ்ஆப்பும் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: ஒரே நிலத்தில் பல மூலிகைகளைச் சேர்த்துப் போட்டால் வருமானம் கூடுமா? அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பதில் கொஞ்சம் நீளும். மற்றவற்றுக்குத் தேவைப்படும் அளவுக்குச் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு ஏக்கர் செம்மண். கிணற்றில் ஆறேழு மாதம் தண்ணீர் தாங்கும். கடலையும் சோளமும் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. பதினைந்து மூலிகைகளைக் கலந்து போட்டால் மாதாமாதம் காசு பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எந்தப் பதினைந்தைப் போடலாம்?

எந்தப் பதினைந்தையும் போடாதீர்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். இரண்டு ஏக்கர் என்பது 200 சென்ட். பதினைந்தாகப் பிரித்தால் ஒரு மூலிகைக்கு 13 சென்ட் கிடைக்கும். அந்த 13 சென்டில் சென்னா போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம் (மலமிளக்கி மருந்துக்குப் போகும் இலைப் பயிர், தென்மாவட்டங்களில் அவுரி என்பார்கள்). மானாவாரியில் நன்றாக வந்தால் எக்டருக்கு 1 டன் காய்ந்த இலை, அதாவது ஏக்கருக்கு 400 கிலோ. உங்கள் 13 சென்டுக்கு ஐம்பது கிலோ சொச்சம். அதுவும் ஒரே தடவையில் வராது, மூன்று வெட்டாக வரும். ஆக, ஒரு வெட்டுக்குப் பதினேழு பதினெட்டுக் கிலோ. இதை வாங்க எந்த வியாபாரி வண்டி அனுப்புவார்? நீங்களே பஸ்ஸில் போட்டுக் கொண்டுபோனால் பஸ் கூலிக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். மற்ற பதினான்குக்கும் இதே கதைதான், கடைசியில் வீட்டுத் திண்ணை முழுக்கப் பதினைந்து அரை மூட்டைகள் உட்கார்ந்திருக்கும்.

அதற்காகக் கலந்து போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. கலப்பில் உண்மையான லாபம் இருக்கிறது. மூலிகை விலை ஒரே நிலையில் நிற்காது. ஒரு வருஷம் நல்ல விலை போனதென்றால் அடுத்த வருஷம் ஊரே அதைப் போடும், விலை படுத்துவிடும். அப்போது இரண்டாவது பயிர் இருந்தால் தப்பிக்கலாம். அறுவடை வெவ்வேறு மாதத்தில் வந்தால் வீட்டு ஆட்களை வைத்தே சமாளிக்கலாம். முக்கியமாக, காயவைக்கும் களம் ஒன்றுதான் இருக்கும், அதில் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்ட முடியாது. இத்தனைக்கும் இரண்டு பயிர் போதும், அதிகம் போனால் மூன்று.

எந்த இரண்டு என்பதற்கு நான் சொல்லும் முதல் விதி மண்ணைப் பார்ப்பது கூட இல்லை. உங்கள் வட்டாரத்திலிருந்து வியாபாரி ஏற்கெனவே எதை ஏற்றிப்போகிறாரோ அதுதான் முதல் பயிர். வண்டி எப்படியும் அந்தப் பக்கம் வரும், உங்கள் மூட்டையும் ஏறிக்கொள்ளும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் சென்னா, தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று நிலைத்துப் போனதற்கு மண் பாதிக் காரணம்தான். வாங்குகிறவர் அங்கே இருக்கிறார் என்பது மீதி.

இரண்டாவது பயிரை முதல் பயிரின் நாட்கணக்கை வைத்துத் தேர்ந்தெடுங்கள். சென்னா விதைத்து இரண்டு மாதத்தில் முதல் இலை வெட்டு, அப்புறம் மாதம் ஒன்று வீதம் இரண்டு வெட்டு. ஐந்து மாதத்துக்குள் வேலை முடிந்தது. அதற்கு ஜோடியாக நித்தியகல்யாணியை வைத்தால் அது வருஷப் பயிர். ஆறாம் மாதம் ஒரு இலைப் பறிப்பு, ஒன்பதாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் நனைய விட்டு உழுது வேர் எடுப்பது. வேரிலும் இலையிலும் மருந்துச்சத்து இருப்பதால் இரண்டும் விலைபோகும்; புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் இதன் இலையிலிருந்துதான் வருகின்றன. மானாவாரியில் ஏக்கருக்கு 300 கிலோ காய்ந்த வேர், 800 கிலோ இலை என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிச் செலவும் மிச்சம். ஊர்ப் பொது மேய்ச்சலை ஒட்டி நிலம் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆக உங்களுக்கு என் யோசனை இது. முதல் வருஷம் ஒரு ஏக்கர் கடலை அப்படியே இருக்கட்டும், அதை விட்டுவிடாதீர்கள். மற்ற ஏக்கரில் 60 சென்ட் நித்தியகல்யாணி, 35 சென்ட் சென்னா, மீதி 5 சென்டில் களமும் நிழல் கொட்டகையும். களத்துக்கு 5 சென்டா என்று கேட்காதீர்கள், காயவைக்க இடமில்லாதவன் மூலிகை போடவே கூடாது. இன்னொன்று: மழை வெளுத்து வாங்கும் மாதத்தில் இலை வெட்டுக்கு வரும்படி சென்னாவை விதைத்துவிடாதீர்கள். தண்ணீர் தேங்கினால் செடி நிற்காது, வெட்டிய இலையும் காயாது. வரப்பு நெடுக ஆடாதோடையும் நொச்சியும் நட்டு வையுங்கள், அதற்குத் தனி நிலமும் வேண்டாம், தண்ணீரும் பெரிதாக வேண்டாம். இதெல்லாம் ஒரு வருஷம் ஓடி, சரக்கு விற்றுக் காசு கைக்கு வந்தபிறகு இரண்டாவது ஏக்கரைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: சென்னா இலை பச்சைப் பசேலென்று வெட்டினேன், களத்தில் காயவைத்தேன், வியாபாரி வந்து பார்த்துவிட்டுக் கருப்படித்துவிட்டது என்று பாதி விலைக்குக் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

ஏமாற்றுகிறவர்களும் உண்டு, ஆனால் இதில் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். வெட்டிய இலையை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். காலையில் வெட்டிய இலையைச் சாக்கில் அமுக்கித் திணித்து, மதியம் வரை வரப்பில் வைத்து, சாயங்காலம் களத்தில் கொட்டினால் அதற்குள் உள்ளே சூடேறியிருக்கும். மூட்டைக்குள் கை விட்டால் கதகதவென்று இருக்கும். அந்தச் சூட்டில்தான் இலை கருக்கிறது, களத்துக்கு வரும் முன்பே கெட்டுவிடுகிறது.

பனி உலர்ந்தபிறகு வெட்டுங்கள். வெட்டியதை வெட்டிய இடத்திலிருந்தே கூடையில் தளர்வாக எடுத்துவந்து உடனே பரப்பிவிடுங்கள். தார்ப்பாயை விட, காற்று கீழே புகும்படி கட்டிய வலைத்தட்டு நல்லது. மூங்கில் சட்டத்தில் நைலான் வலை அடித்தால் போதும். இரண்டு விரல் கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையாவது கிளறிவிட வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் கிளறாத குவியல் இரண்டாம் நாள் அடியில் கருப்பு. நேர் வெயிலில் போட்டால் கருக்காது, வெளுத்துவிடும், அதற்கும் விலை குறையும். சரியாகக் காய்ந்த இலை மஞ்சள் ஓடிய இளம்பச்சையாக இருக்கும், கையில் நொறுக்கினால் சரசரவென்று உடையும், காம்பை வளைத்தால் வளையாமல் ஒடியும். காம்பு வளைகிறதென்றால் இன்னும் ஒரு நாள் வேண்டும். ஈரம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே வந்தபிறகு மூட்டை கட்டுங்கள். கட்டிய மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

பல மூலிகை போடுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஒரு தட்டில் காயும் கீழாநெல்லி பக்கத்துத் தட்டில் உள்ள சென்னாவில் விழுந்துவிடும், காற்றடித்தால் சொல்லவே வேண்டாம். பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் வாங்குகிறவர் பார்வையில் அது கலப்படம். ஒரு சமயத்தில் ஒரே சரக்குதான் கொட்டகையில் இருக்க வேண்டும். அடுத்ததைக் கொண்டுவரும் முன் வலையைத் தட்டி, தரையைப் பெருக்கிவிடுங்கள். இதனால்தான் அறுவடை நாட்கள் ஒன்றோடொன்று மோதாத பயிர்களாகப் பார்த்து எடுங்கள் என்று மேலே சொன்னேன்.

கேள்வி: கண்வலிக்கிழங்கு விதைக்கு நல்ல விலை என்கிறார்கள். மூலிகைத் தோட்டத்தின் நடுவே நாலு வரிசை போடலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஆடு எல்லாம் உண்டு.

நடுவே வேண்டாம். போடுவதானால் தனி வயலாக, தனி வேலியோடு போடுங்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான் இது, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கிழங்கு, இலை, பூ, விதை எல்லாமே விஷம். கோல்ச்சிசின் என்ற சத்துக்காகத்தான் விதையை வாங்குகிறார்கள், அந்தச் சத்துதான் ஆளையும் கொல்லும். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. விதையிலிருந்து ஒரு பிடி பக்கத்தில் காயும் நிலவேம்பில் கலந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிழங்கு தோண்டும்போது கையுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது, மிச்சக் கிழங்கைப் பூட்டி வைப்பது, இதெல்லாம் பேச்சுக்காகச் சொல்வதில்லை.

இது சும்மா நட்டுவிட்டு வரும் பயிரும் இல்லை. கிழங்கு கவட்டை மாதிரி இரண்டு பிரிவாக இருக்கும், முளை நுனியில்தான் இருக்கிறது, எடுத்துப்போகும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. கொடிக்குக் கம்பிப் பந்தலோ காய்ந்த விளாரோ வேண்டும். பூக்கிற காலத்தில் தினம் காலையில் ஆள் இறங்கி ஒவ்வொரு பூவாகத் தொட வேண்டும். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, சூல்முடியில் மெல்லத் தேய்த்துவிட்டு அடுத்த பூவுக்குப் போவார்கள். வெயில் ஏறினால் வேலை ஆகாது. ஆடியில் நட்டால் தை, மாசியில் விதை, எக்டருக்கு 500, 600 கிலோ எடுக்கலாம். ஆனால் நடும் கிழங்குக்கே பெரிய முதல் வேண்டும், விலையும் ஒரு வருஷம் ஏறும், மறு வருஷம் பாதாளத்துக்குப் போகும். கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள். கையில் காசும், காலையில் ஆளும் இருப்பவர் செய்யட்டும்.

கேள்வி: தென்னந்தோப்பு ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. அடியில் என்ன மூலிகை வரும்?

மரத்துக்கு வயது என்ன என்று எழுதவில்லையே. ஏழெட்டு வருஷத்துக்கு உட்பட்ட கன்றுத் தோப்பு என்றால் வெளிச்சம் தாராளமாக விழும், எதுவும் வரும். அதிலிருந்து இருபது வயது வரை மட்டை அடர்ந்து நிழல் கனமாக இருக்கும், அந்தச் சமயத்தில் எதைப் போட்டாலும் இளைத்துத்தான் போகும். இருபது இருபத்தைந்தைத் தாண்டி மரம் உயர்ந்துவிட்டால் மறுபடி வெளிச்சம் இறங்கும்.

அப்படி உயர்ந்த தோப்பாக இருந்தால் நிலவேம்பு, கச்சோலம், திப்பிலி மூன்றும் அரை நிழலைத் தாங்கும். நிலவேம்பு மூன்று நான்கு மாதம், பூக்கத் தொடங்கும்போது அறுத்துவிட வேண்டும், கசப்புச் சத்து அப்போதுதான் கூடுதல். கச்சோலம் ஆறேழு மாதக் கிழங்கு, இலை மஞ்சளாகிச் சாயும்போது தோண்டலாம். திப்பிலி நீண்ட நாள் பயிர், தண்ணீர் ஓயாமல் வேண்டும், கோடையில் சொட்டுநீரோ தெளிப்போ இல்லாவிட்டால் அதை மறந்துவிடுங்கள். அதில் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி, காய் பெண் கொடியில்தான் வரும். நாற்று வாங்கும்போது காய்த்த கொடியிலிருந்து எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். பச்சைக் காய் பத்துக் கிலோ காய்ந்தால் ஒன்றரைக் கிலோதான் தேறும்.

மரத்தைச் சுற்றி ஆறடிக்கு எதுவும் நடாதீர்கள். விழுகிற மட்டையும் தேங்காய் பறிக்கிறவர் காலும் செடியைச் சும்மா விடாது.

கேள்வி: ஒரு நிறுவனத்தார் வந்து மருந்துக் கூர்க்கன் நாற்று தருகிறோம், கிழங்கை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். நாற்றுக்கு முன்பணம் கேட்கிறார்கள். நம்பலாமா?

ஆளைப் பற்றி நான் சொல்ல முடியாது, காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். கூர்க்கனைப் பொறுத்தவரை ஒப்பந்தச் சாகுபடி புதிதில்லை, சேலம், ஆத்தூர்ப் பக்கம் பல வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. கிழங்கிலுள்ள ஃபோர்ஸ்கோலின் சத்தைப் பிரிக்கும் கம்பெனிகள்தான் இதை வாங்கும், வேறு யாருக்கும் இது வேண்டாம். அதுதான் இதிலுள்ள ஆபத்தும். கடலை என்றால் ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவர் இருக்கிறார்; கூர்க்கனைத் தோண்டி வைத்துக்கொண்டு வாங்குகிறவர் போனை எடுக்கவில்லை என்றால் ஆட்டுக்குத்தான் போட வேண்டும்.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன் இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். விலை பச்சைக் கிழங்குக்கா, காய்ந்த சீவலுக்கா? இது மிக முக்கியம், ஏனென்றால் ஏக்கருக்கு 6 முதல் 8 டன் பச்சைக் கிழங்கு வந்தாலும் காயவைத்தால் 800 கிலோதான் நிற்கும். பச்சை விலையைக் காட்டி ஆசை ஏற்றிவிட்டு, காய்ந்த எடைக்குப் பணம் கொடுப்பவர்களும் உண்டு. தோண்டிய எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்வார்கள்? வண்டிக் கூலி யாருடையது? சத்து குறைவு என்று தள்ளினால் எந்த ஆய்வகச் சோதனையை வைத்துத் தள்ளுவார்கள், மாதிரியை உங்கள் முன்னால் எடுப்பார்களா? பணம் எத்தனை நாளில், வங்கி வழியாகவா? சென்ற பருவம் இவர்களிடம் விற்று முழுப் பணமும் வாங்கிய இரண்டு மூன்று பேர் ஊரைக் கொடுக்கச் சொல்லுங்கள், போய்ப் பாருங்கள், போனில் பேசினால் போதாது.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, அதன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய முடியும். பதிவு செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே சிலர் கிளம்பிப் போய்விடுவார்கள், உங்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நாற்று விற்பதிலேயே லாபம் பார்த்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் இந்தத் தொழிலின் பெரிய சாபம். நாற்றுக் காசை அறுவடைப் பணத்தில் கழித்துக்கொள்ளத் தயாரா என்று கேளுங்கள். தங்கள் சரக்கை உண்மையில் வாங்கப்போகிறவர் அதற்குப் பெரிதாகத் தயங்கமாட்டார்.

கேள்வி: கூர்க்கன் போட்ட நிலத்திலேயே மறுபடி கூர்க்கன் போட்டேன், செடி குட்டையாக நிற்கிறது, வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது.

வேர்முடிச்சு நூற்புழு. இந்தப் பயிரை அது விடவே விடாது, அது கிளப்பும் புண் வழியாக வாடல் நோயும் சேர்ந்து வரும். அதே நிலத்தில் கூர்க்கனை உடனே திருப்பிப் போடக் கூடாது; தக்காளி, கத்தரி, வெண்டையும் போடாதீர்கள், அதெல்லாம் இந்தப் புழுவுக்கு விருந்து. ஒரு பருவம் துலுக்கச் செவ்வந்தி போடுங்கள், அடுத்து சோளமோ கம்போ. அடியுரத்தில் வேப்பம் பிண்ணாக்கு சேருங்கள். கலப்புச் சாகுபடியின் நிஜமான பலன் இங்கேதான் தெரியும்: நிலத்தை இரண்டு மூன்று துண்டாக வைத்து, பயிரை வருஷத்துக்கு வருஷம் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் புழு ஒரே இடத்தில் பெருக வழியில்லை. பூச்சிமருந்து எதை அடித்தாலும் மூலிகையில் மிச்சம் நிற்கும், சோதனையில் மாட்டும், சரக்கு திரும்பி வரும். களைக்கொல்லியும் அப்படித்தான்.

கேள்வி: வேலி ஓரம் சந்தனமும் செம்மரமும் வைத்தால் பிள்ளைகள் காலத்தில் கோடி என்கிறார்களே?

பிள்ளைகள் காலத்துக் கோடியை இந்த வருஷ வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். சந்தனம் பட்டா நிலத்தில் வளர்க்கலாம், மரம் உங்களுடையதுதான், ஆனால் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உணவு எடுக்கும் மரம் அது, துவரை மாதிரி ஏதாவது துணைச்செடி இல்லாமல் தேறாது. வைரம் பாய்ந்தபிறகு காவல் காப்பது உங்கள் பாடு. நாலு மரம் ஆசைக்கு வையுங்கள், அதோடு விடுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு இருபது முப்பது சென்ட்தான் நிலம். எங்களைப் போன்றவர்களுக்கு மூலிகை ஒத்துவருமா?

அம்மா, இந்த வாரம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். ஒத்துவரும், ஆனால் வீடியோவில் சொல்வதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒருவர் நிலத்தில் பன்னிரண்டு மூலிகை போடுவதை விட்டு, பன்னிரண்டு பேர் நிலத்திலும் ஒரே மூலிகை. பன்னிரண்டு பேருக்கும் சராசரியாக 25 சென்ட் என்றால் மொத்தம் மூன்று ஏக்கர். அது ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசக்கூடிய அளவு. சேர்ந்து வளர்ப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கீழாநெல்லியோ துளசியோ முதலில் எடுங்கள். கீழாநெல்லி மூன்று மாதம், செடி பச்சையாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும், இலை உதிரத் தொடங்கிவிட்டால் வெறும் குச்சிதான் மிஞ்சும். துளசியும் மூன்று மாதத்தில் முதல் வெட்டு, அப்புறம் துளிர்த்துத் துளிர்த்து வரும். தண்ணீர் இல்லாத மேட்டு நிலம் என்றால் நித்தியகல்யாணி அல்லது அமுக்கரா (அஸ்வகந்தா). அமுக்கரா வேர்ப் பயிர், ஐந்து ஆறு மாதம் ஆகும், காய் சிவந்து இலை காயும்போது தோண்ட வேண்டும். வேரை ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, கனமானது, நடுத்தரம், சன்னம் என்று பிரித்தால்தான் முதல் தரத்துக்கு முதல் விலை கிடைக்கும். இந்தப் பிரிக்கும் வேலையைப் பன்னிரண்டு பேர் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து செய்தால் தரம் ஒரே மாதிரி வரும், ஆளாளுக்கு வீட்டில் செய்தால் வராது.

விதையை எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே தடவையில் வாங்குங்கள். விதைக்கும் வாரமும் ஒன்றாக இருக்கட்டும். காயவைக்கும் இடம் பொது. அடங்கலில் பயிர் பெயரைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி ஏற்றிவிடுங்கள்; இது காட்டில் பிடுங்கியதில்லை, நிலத்தில் வளர்த்தது என்று காட்ட நாளைக்கு அது உதவும், பெரிய கம்பெனிகள் கேட்கின்றன.

விற்பதற்கு நாட்டுமருந்துச் சரக்கின் பெரிய சந்தை விருதுநகர்தான், அங்கே போய் நாலு கடை ஏறி இறங்கி விசாரியுங்கள், விதைக்கும் முன்பே போங்கள். அரசின் டாம்ப்கால், சென்னையிலுள்ள இம்ப்காப்ஸ் இரண்டும் சித்த ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் இடங்கள். அவர்களுக்கு இந்த வருஷம் எது தேவை என்று கடிதம் போட்டுக் கேட்பதில் தப்பில்லை. தேசிய மருத்துவத் தாவர வாரியம் நடத்தும் இ-சரக் தளத்தில் வாங்குவோர் விற்போர் விவரம் இருக்கும், வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக ஓடினால் பிறகு உற்பத்தியாளர் கம்பெனியாகவே பதிவு செய்யலாம், அதற்குக் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும், நீங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். ஆனால் முதல் மூட்டையை விற்கும் முன் கம்பெனி பதிவுக்கு ஓடாதீர்கள், ஆடிட்டர் செலவு வருஷா வருஷம் வரும்.

கேள்வி: காய்ந்த இலையை விற்பதை விட, நாமே பொடியாக்கி டப்பாவில் போட்டு விற்றால் நாலு மடங்கு கிடைக்குமே?

கிடைக்கும், விற்றால். டப்பாவில் சர்க்கரைக்கு, மஞ்சள் காமாலைக்கு என்று எழுதிவிட்டால் அது மருந்து, சித்த ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் உரிமம் இல்லாமல் விற்க முடியாது. உணவுப் பொருளாக விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அதிலும் எல்லா மூலிகையையும் உணவு என்று விற்றுவிட முடியாது. முருங்கை இலைப் பொடி, நெல்லி வற்றல் மாதிரி சாப்பாட்டில் ஏற்கெனவே புழங்குவதில் ஆரம்பியுங்கள். மற்றதைக் காய்ந்த சரக்காகவே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நிலவேம்பு விதை வாங்கி இரண்டு முறை தூவிவிட்டேன், முளைக்கவே இல்லை. விதை மோசமா?

மோசமாக இருக்கலாம், ஆனால் புதிதாக எடுத்த நிலவேம்பு விதை சில மாதம் உறங்கும், அப்போது தூவினால் முளைக்காது. எப்போது எடுத்த விதை என்று கேட்டு, ஐந்தாறு மாதமாவது ஆனதை வாங்குங்கள். விதை மிகப் பொடி, ஆழத்தில் போனால் மேலே வராது. நேரடியாக வயலில் தூவாமல் மேட்டுப்பாத்தியில் நாற்றாக விடுங்கள். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவி, மேலே சலித்த மண் மூடியும் மூடாமலும் இருக்கும்படி போட்டு, வைக்கோல் பரப்பி, பூவாளியில்தான் தண்ணீர் விட வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். முளை தெரிந்த அன்றே சாயங்காலம் வைக்கோலை எடுத்துவிடுங்கள், நாற்று ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் நடவுக்கு வந்துவிடும்.